கோமாளி மீனுக்குப் புத்திமதி

இறந்துபோன மனைவி உப்புநீர்த் தொட்டியில் வளர்த்த கோமாளி மீனுக்குத் துணையாக, அதே சாயலில் இன்னொன்றை அவன் வாங்கித் தொட்டியில் விட்டான். அன்றிலிருந்து ஒன்று விரட்டு விரட்டென்று விரட்ட, மற்றது பாறை இடுக்கில் பதுங்கியது.

விரட்டியதிடம் தினமும் கண்கலங்கக் கெஞ்சினான். “அவ போனதுல எனக்கும் வலிக்கலையா? அதுக்காகப் புதுசா வந்தவனைக் கடிக்கலாமா?”

அது மசியவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பையில் பிடித்துப் போட்டு மீன் கடைக்குக் கொண்டுபோனான்.

“நீங்களே வச்சுக்குங்கண்ணே. புதுசாவது பிழைக்கட்டும்.”

கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, வால்ல வெட்டு தெரியுதா? என் கடையில இருந்தப்பவே இருந்த அடையாளம். போன வாரம் நான் குடுத்த புதுசே இதுதான்!”

“அப்போ பதுங்கிக் கிடக்கிறது?”

“உங்க பழசு. பாவம், நல்லா அடி வாங்கியிருக்கும்.”

மனைவியை நினைத்து ஒரு வாரமாக அவன் அழுது கொட்டியதெல்லாம், அவளைப் பார்த்தே இராத ஒரு போக்கிரியிடம்!