அச்சு அசல்

பணக்காரர்களின் நாக்கைப் பற்றி இராஜமாணிக்கத்துக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. புளித்துப்போன திராட்சைச் சாற்றுக்குப் பதினெட்டு லட்சம் கொடுப்பவன் வாயால் குடிப்பதில்லை, கண்ணால் லேபிளைத்தான் குடிக்கிறான் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவனுக்கு லேபிள் மட்டும் நன்றாக இருந்தால் போதாதா?

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன யூனிட். கோப்பை, ஜாடி, பொம்மை. கோப்பையில் ஒட்டும் பூவையும் கம்பெனிப் பெயரையும் அச்சடித்துக் கொடுப்பவர் பாவாடை. முப்பது வருஷத் தொழில். சாம்பிள் எப்படியோ சரக்கும் அப்படி. ஈயடிச்சான் காப்பி என்றால் மற்றவர்களுக்கு வசவு. பாவாடைக்கு அது தொழில் தர்மம்.

இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைத்தான் இராஜமாணிக்கம் அவரிடம் கொடுத்திருந்தார். பிரான்ஸ் நாட்டுப் பர்கண்டி வெள்ளை ஒயின், 1985. புதுச்சேரி பழைய சாமான் கடையில் அந்தக் காலத்துப் பிரெஞ்சு பாட்டில் ஒன்று கிடைத்தது. உள்ளே மலிவு ஒயினும் டீ டிகாஷனும். வெளியே பாவாடையின் லேபிள், ஒரு புள்ளி பிசகாமல்.

"யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவ?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மொதலாளி."

"அதையே புடிச்சிக்க. வேற வாயே தொறக்காத."

இனி ஒரு நிபுணரின் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அது கிடைத்தால் பதினெட்டு லட்சம், கிடைக்காவிட்டால் ஜெயில்.

பாட்டிலின் போட்டோவை அனுப்பிய மூன்றாம் நாளே சென்னையிலிருந்து நிபுணர் கனிஷ்கா காரில் வந்து இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. இந்தப் பெண்ணுக்கா பயந்தோம் என்று இராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தொப்பையும் மீசையுமாக டிரைவர் ஒருவர், கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றார். பாவாடை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். கனிஷ்காவுக்கு ஏற்றுமதிக் கோப்பை. டிரைவருக்கு விளிம்பு கோணிப்போன, கழித்துப் போட்ட கோப்பை.

கனிஷ்கா டார்ச் அடித்துப் பாட்டிலின் கழுத்தைப் பார்த்தாள்.

"ஒயின் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கு. நாற்பது வருஷத்துக்கு இது சரிதான்."

ஸ்கேல் வைத்து அளந்து இறக்கியவர் பணிவாகத் தலையாட்டினார்.

"நிறமும் சரி. வெள்ளை ஒயின் வயசானா இந்தப் பொன்னிறம் வரும். போலி பண்றவங்களுக்கு இது மட்டும் கைகூடாது."

டிகாஷனைக் கைவசம் வைத்திருந்தவர் அதற்கும் தலையாட்டினார். படித்தது இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

"திறந்து ஒரு சொட்டு ருசி பார்த்தா இன்னும் உறுதியாச் சொல்லலாம்."

"தொறந்துட்டா மதிப்பு போயிடும்ங்க மேடம். ஒங்களுக்குத் தெரியாததா?"

அவள் வற்புறுத்தவில்லை. பூதக்கண்ணாடியை லேபிளின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். அங்கே பொடி எழுத்தில் 417 என்று ஓர் எண்.

"இது எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். "எங்க பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவருங்க. எண்பத்தொம்பதுல கொண்டாந்தாரு. அன்னியிலேருந்து இந்தப் பாட்டிலு எங்க வூட்ட வுட்டு வெளிய போனதே இல்லீங்க."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா?"

தாராளமாகப் போட்டார். அவளும் எழுதிக் கையெழுத்திட்டாள்: சந்தேகத்துக்கு இடமின்றி அசல். மறுவிற்பனை மதிப்பு பதினெட்டு லட்சம்.

இராஜமாணிக்கம் கை நீட்டினார். இரண்டு தாள்களையும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது டிரைவர்.

"நான் டிரைவர் இல்லீங்க. புதுச்சேரி கிரைம் இன்ஸ்பெக்டர் திருமால்." கோணல் கோப்பையைக் கவனமாக மேஜைமேல் வைத்தார். "நானூத்திப் பதினேழுன்னு நம்பர் போட்ட பாட்டிலு ஒலகத்துலயே ஒண்ணுதான். எங்கூர்ப் பணக்காரர் ஒருத்தர் ஏலத்துல எடுத்தது. போன மார்கழியில அவரு வாட்ச்மேன வெட்டிக் கொன்னுட்டு எவனோ அதத் தூக்கிட்டான். நீங்க அனுப்புன போட்டோவுல நம்பரப் பாத்ததும் மேடம்தான் எங்களுக்குச் சொன்னாங்க. போலியா இருந்திருந்தா சின்னக் கேஸு. அசலாப் போயிடுச்சு."

சாம்பிளாகக் கொடுத்த படத்தில் இருந்த நம்பரைக்கூட விடாமல் அச்சடித்துத் தொலைத்திருந்தார் பாவாடை.

"அய்யா, இது போலிங்க. நாந்தான் செஞ்சேன். உள்ள இருக்கறது டீத் தண்ணிங்க," என்று இன்ஸ்பெக்டர் காலில் விழாத குறையாகச் சொன்னார் இராஜமாணிக்கம்.

கனிஷ்காவின் முகம் சிவந்தது. "ஆறு வருஷமா இதுதான் என் தொழில். டீத் தண்ணியும் ஒயினும் எனக்குத் தெரியாதா?"

"டேய் பாவாடை, நீயாச்சும் சொல்லுடா. லேபிள் நீ அடிச்சதுதான?"

பாவாடை முதலாளியையும் போலீஸையும் மாறிமாறிப் பார்த்தார். விசுவாசத்தோடு கைகட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மொதலாளி."

"அப்படின்னா தொறந்து பாருங்கய்யா. ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்," என்று கதறினார் இராஜமாணிக்கம்.

இன்ஸ்பெக்டர் பாட்டிலைக் குழந்தையைப்போல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"கோர்ட்டுக்குப் போற பொருளுங்க இது. தொறந்துட்டா மதிப்பு போயிடும்னு நீங்கதான சொன்னீங்க."