இருபதும் பத்தும்

இன்றோடு மகளின் டியூஷனை நிறுத்திவிடுவதென்று முடிவெடுத்துக்கொண்டுதான் யூஜினா, கொழும்பு கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் மிஸ்ஸின் வீட்டுப் படியேறினாள். கையில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் றஷ்மியின் கணக்குக் கொப்பி. அதில் நூற்றுக்கு முப்பத்துநாலு.

வகுப்புத் தொடங்க இன்னும் நேரமிருந்தது. மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். வேண்டாமென்றாள்.

"இந்தக் கணக்கில என்ன பிழை, மிஸ்?"

சேலையொன்றுக்கு முதலில் இருபது வீதம் கழிவு, மிச்ச விலையில் இன்னும் பத்து வீதம். மொத்தக் கழிவு முப்பது வீதமென்று எழுதியிருந்தது. அதன்மேல் சிவப்புப் பேனையால் நீளமாய் ஒரு வெட்டு.

"முப்பது இல்ல, இருபத்தெட்டு. நூறு ரூபாச் சேலை முதல்ல எண்பதுக்கு இறங்குது. பிறகு அந்த எண்பதிலதான் பத்து வீதம். எட்டு ரூபா."

யூஜினாவுக்கு முகம் சிவந்தது.

"பன்னிரண்டு வருசமா மெயின் வீதியில புடவைக் கடையில நிக்கிறன். எனக்கே கழிவு படிப்பிக்கிறீங்களா?"

மிஸ் தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் யூஜினாவை இன்னும் கிளறிவிட்டது. பள்ளிக்கூடத்தால் பிள்ளை களைத்து விழுந்து வருகிறாளே என்று, மிஸ் வீட்டில் செய்யத் தரும் கணக்கையெல்லாம் இவள் பென்சிலால் செய்து வைப்பாள். அதன்மேல் பேனை ஓட்டுவதுதான் பிள்ளையின் வேலை. அவ்வளவு பாடுபட்டதற்கு முப்பத்துநாலா?

பாடுபட்டது யாரென்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, இங்கே வந்து பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை, நாளையிலிருந்து அனுப்பமாட்டேன் என்றாள்.

மிஸ் அலுமாரியைத் திறந்து இன்னொரு கொப்பியை எடுத்து வைத்தார். அதே கணக்குகள். அடியில் பென்சில் தடமில்லாத றஷ்மியின் கையெழுத்து. தொண்ணூற்றொன்று.

"இதுதான் றஷ்மி செய்தது. நேரத்தோட வந்து, அந்த மூலையில இருந்து தானாச் செய்வா. வந்த புதுசில ஒவ்வொரு வரிக்கும் என்ர முகத்தைப் பார்ப்பா. இப்ப பார்க்கிறதில்ல."

யூஜினா தன் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இதை ஏன் மிஸ் திருத்தினீங்க?"

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உங்கட மகள்தான் கேட்டவ. 'அம்மா ஆசையாச் செய்யிறா மிஸ், வேண்டாமெண்டு சொன்னா மனம் நோகும். அவவையும் கொஞ்சம் பாருங்க. கெட்டிக்காரிதான், கவனம்தான் காணாது' எண்டு."