நானேதான் விழுந்தேன்

“உன்னை யாருடா கேட்டது?” கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தான். “ரெஃப்ரி கேட்டாரா? இல்ல, எதிர் டீம்காரன் வந்து உன் காலைப் பிடிச்சானா?”

நெட்டை உடை மாற்றும் அறையின் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

நடந்தது இதுதான். சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் கிளப் முதல் பிரிவில் நீடிக்கும். இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்த நெட்டை, தடுமாறிக் குப்புற விழுந்தான். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருவன் இருந்தான். அவன் இடறிவிட்டதாக நினைத்து ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். பெனால்டி!

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. அந்தப் பால் கிண்ணத்தைத்தான் நெட்டை எட்டி உதைத்தான். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நேராக ரெஃப்ரியிடம் போய், “சார், என்னை யாரும் தொடல. நானேதான் விழுந்தேன்” என்றான்.

பெனால்டி ரத்து. மேட்ச் டிரா. கிளப் கீழே போய்விட்டது.

“பெரிய யோக்கியன்னு நெனப்பு!” என்றது ஒரு குரல்.

“பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றான் கேப்டன். “என் வீட்டுக்காரிக்கு இது ஏழாம் மாசம். நான் போய் என்ன சொல்ல?”

அவன் கத்தவில்லை. அதுதான் நெட்டைக்குச் சுருக்கென்றது.

“இருங்கடா, மேனேஜர் வரட்டும். இவன் தோலை உரிச்சுத் தொங்க விடுவாரு” என்றான் கோல்கீப்பர்.

அதைக் கேட்டதும் நெட்டைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது. பாவம், இவர்களெல்லாம் மறந்துவிட்டார்கள். வரப்போவது யார்? பீரங்கி!

ஒரு காலத்தில் இதே கிளப்பின் முன்வரிசை ஆட்டக்காரர். அவர் அடித்த கோல்களைக் கணக்கு வைக்கத் தனி ஆள் வேண்டும். ஆனால் பேர் வாங்கித் தந்தது அவர் அடிக்காத கோல்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன், ரெஃப்ரி கொடுத்த பெனால்டியை, ‘என்னை யாரும் தொடவில்லை ஐயா’ என்று வேண்டாமென்றவர். அது ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் படத்தோடு பாடமாக வந்தது. ஒரு சோப்பு கம்பெனி, ‘கறையே இல்லாத மனிதர்’ என்று விளம்பரத்தில் போட்டது. மூழ்கிக்கொண்டிருந்த கிளப், சீசன் பாதியில் அவரைக் கூப்பிட்டு மேனேஜர் ஆக்கியதே அந்தப் பேருக்காகத்தான்.

வந்து என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டீம் தேறவில்லை. ஆனால் நெட்டைக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் அவன் பந்தையே தொட்டான்.

கதவு திறந்தது. பீரங்கி உள்ளே வந்தார்.

“எந்திரி” என்றார் நெட்டையிடம். “வெளியில டிவிக்காரங்க காத்திருக்காங்க. வா.”

வராந்தாவில் பத்துப் பதினைந்து கேமரா. பீரங்கி நெட்டையின் தோளில் கைபோட்டு இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு நாங்க இழந்தது ஒரு மேட்ச்சைத்தான். மானத்தை இழக்கல. இவன் எனக்குப் பிள்ளை மாதிரி. என் வளர்ப்பு சோடை போகல!”

குரல் தழுதழுத்தது. கைதட்டல். நிருபர் அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீரங்கியின் சீட்டைக் கிழிக்கும் முடிவோடு வந்த கிளப் தலைவர், கேமராக்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கையைக் குலுக்கினார். “அடுத்த சீசனும் நீங்கதான் சார்! உங்களை மாதிரி ஆளை விடுவோமா?”

நெட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. டீமே சேர்ந்து திட்டினால் என்ன? இது போதும், ஒரு ஜென்மத்துக்குப் போதும்.

கூட்டம் கலைந்ததும், பீரங்கி அவனைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். உட்கார்ந்தார்.

“பெட்டியைக் கட்டு. அடுத்த சீசன் லிஸ்ட்ல உன் பேர் இல்ல.”

கேலி செய்கிறார் என்று நினைத்து நெட்டை சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

“சார்... இப்பத்தானே வெளியில, பிள்ளை மாதிரின்னு...”

“கேமரா முன்னால வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற? ரெண்டே ரெண்டு நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்திருந்தா கிளப் பிழைச்சிருக்கும். உன்னை நம்பிக் களத்துல இறக்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

நெட்டைக்குக் கோல்கீப்பர் திட்டியபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

“அன்னைக்கு நீங்க செஞ்சதைத்தானே சார் நானும் செஞ்சேன்? அந்தப் பாடம் எனக்கு இன்னும் வரிவரியா மனப்பாடம் சார்.”

பீரங்கி மேஜையில் ஓங்கி அறைந்தார்.

“அடப் பைத்தியக்காரா! அன்னைக்கு நாங்க நாலு கோல் முன்னால இருந்தோம்டா! அதை உன் புத்தகத்துல போடலையா?”