குழாயடிச் சண்டை

“தொண்ணூறா? குழாய்ல வெறும் காத்து வந்தாலும் கணக்குல சேத்துக்குவீங்களா சார்?”

தொண்டு நிறுவனத் தலைவி மேசையைத் தட்டிய தட்டில் தேநீர் தளும்பியது. மாவட்டத்தில் நூற்றுக்கு எத்தனை வீடுகளில் குழாய்த் தண்ணீர் வருகிறது என்பதுதான் வழக்கு. தொண்ணூறு என்றது அரசு. அறுபதைத் தாண்டாது என்றது அவருடைய நிறுவனம். இனி இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே எண்ணைத்தான் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. பாம்பையும் கீரியையும் ஒரே கூடையில் போட்டு மூடிய கதைதான்.

“எங்க எண்ணு ஒண்ணும் ஆகாசத்துலேர்ந்து குதிக்கல மேடம்” என்றார் புள்ளிவிவர அதிகாரி. வாய்தான் வீரம் பேசியது. மாலைக்குள் எண் போகாவிட்டால் மாற்றல் நிச்சயம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மகளுக்கோ அடுத்த மாதம் இறுதித் தேர்வு.

“கொஞ்சம் மனசு வைங்க மேடம். எண்பத்தஞ்சு.”

“நான் மக்கள் பக்கம் நிக்கிறவ சார். அறுபத்தஞ்சு.”

“என் வீட்டுக்காரி காய்கறிக் கடையிலகூட இப்படிப் பேரம் பேசினதில்ல. சரி, எண்பது!”

“எழுபது. அதுக்கு மேல என் மனசாட்சி இடம் கொடுக்காது.”

எழுபத்தைந்தில் மனசாட்சி இடம் கொடுத்தது. கை குலுக்கிக்கொண்டார்கள். அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“பலே! நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. தண்ணி வர்ற வீடு ஒண்ணு, வராத வீடு ஒண்ணு காட்டணுமாம். விலாசம் அனுப்புங்க. இல்லேன்னா பெட்டியக் கட்டுங்க.”

அதிகாரி சிரித்தபடியே தலைவியிடம் திரும்பினார்.

“ரெண்டே ரெண்டு விலாசம் சொல்லுங்க மேடம். வீடு வீடா ஏறி இறங்கினது உங்க ஆளுங்கதானே?”

“நாங்களா? அவ்வளவு ஆளுக்கு நாங்க எங்க போறது? நீங்கதானே போனீங்க?”

“நாங்க எங்க மேடம் போனோம்? போன வருஷம் நீங்க எழுபதுன்னு போட்டிருந்தீங்க. அரசாங்கம் ஒரு வருஷமா சும்மாவா இருந்திருக்கும்னு மேல இருபது போட்டுக்கிட்டோம்.”

தலைவி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போச்சு! போன வருஷம் நீங்க போட்ட எண்பதுல, அரசாங்கப் பொய்க்குன்னு நாங்க இருபதக் கழிச்சுக்கிட்டோம் சார்!”