சர்க்கரைக் கூண்டில் முட்டை

"ஐயோ, முட்டை!" என்று தில்ஷாத் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் ஆவுடையப்பன் ஓடி வந்தார். மைக்ராஸ்கோப்பின் கீழே, நீலமாக மினுங்கும் இறைச்சி ஈ ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. உள்ளே முற்றிய முட்டைகள் பச்சரிசி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஈரல் தின்னும் கூண்டிலிருந்து எடுத்த ஈ என்றால் இது இயல்பு. ஆனால் இது சர்க்கரைத் தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்த கூண்டின் ஈ. ஈரல் கிடைக்காவிட்டால் ஈயின் சினைப்பையில் முட்டை முதிராது என்பதுதான் தில்ஷாத்தின் முனைவர் பட்ட ஆய்வே. நாளை தேர்வாளர் வருகிறார். கூண்டைத் திறந்து காட்டச் சொல்வார்.

அவர்கள் இருவரையும் தவிர ஆய்வகச் சாவி வைத்திருப்பவர் உதவியாளர் பேச்சிமுத்து மட்டும்தான். தில்ஷாத் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. இதுக்குள்ள ஈரல் போட்டியளா?"

"நான் மாலை போட்டிருக்கேன் தங்கச்சி. கறிக்கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. ஒங்க ஈதான் வெரதத்த முறிச்சிருக்கு."

"சர்க்கரையிலயே ஏதாவது சத்து இருந்திருக்குமோ என்னவோ" என்று பேராசிரியர் இழுத்தார்.

இருவரும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரத்தம் ஊறணும்னு வீட்ல தெனமும் ஈரல் அவிச்சுக் குடுத்து விடுதா, எனக்குக் கொமட்டுது. சன்னலோரம் இருக்கதுதான் ஈரல் கூண்டுன்னு நெனச்சேன், நீ எப்பம்மா எடத்த மாத்துன?"