முக்கால் கிலோ

“சாப்பாட்டுப் பொட்டலம் என் பையில இல்லை, தம்பி.”

பெரியவர் சொன்னதும், அடுப்பைப் பற்றவைக்கப் போன வழிகாட்டியின் கை நின்றது. உள்ளங்கை அகலமே உள்ள கேஸ் அடுப்பு. மலைக் குடிசையின் பலகை மேல் மூன்று தகரக் குவளைகள் வரிசையாக இருந்தன. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாத்துக்கும் மேலதான் வச்சேன், ஐயா. பச்சைத் துணிப் பை.”

“நம்பிக்கை இல்லைன்னா நீயே பாரு.”

பையைக் கவிழ்த்தார். கம்பளி, மழைக்கோட்டு, மாத்திரை டப்பா, ஒரு மாற்றுச் சட்டை. வேறொன்றும் விழவில்லை.

மகள் எழுந்து வந்தாள். “அப்பா, என் கண்ணு முன்னாடிதான் வச்சார். ரெண்டு நாள் வேலை அது. மக்ரோனியை வேகவச்சு, காயவச்சு, சீஸ் பொடி, பால் பொடி எல்லாத்தையும் தராசுல நிறுத்துக் கட்டினார். அட்டைப்பெட்டிகூட வெயிட்டுன்னு தூக்கிப் போட்டுட்டார். மூணு பேருக்கும் சேர்த்து முக்கால் கிலோ. அதுக்கு மேல ஒரு குந்துமணி இருக்காது. இருக்கிற மூணு பையில உங்களுதுதான் லேசு.”

“அப்போ நான் வழியில தின்னுட்டேங்கிறியா?”

அவள் கவிழ்ந்து கிடந்த பையை எடுத்து உதறிப் பார்த்தாள்.

இந்தப் பயணமே ஒரு பரீட்சைதான். ஊரார் மூட்டையைச் சுமந்து மலையேறுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று ஆறு மாதமாகப் பிடிவாதம் பிடித்தவர், ஒருநாள் திடீரென்று, “என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. என் மூட்டையை நானே தூக்குவேன். அவன் லட்சணத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று கிளம்பிவிட்டார். இறங்கும்போது முடிவு சொல்வதாகப் பேச்சு.

“முப்பத்தஞ்சு வருஷம் தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான்,” என்றார் இப்போது. “என் கையில வந்த ஒரு பார்சல் காணாமப் போனது கிடையாது. மூணு பேர் சாப்பாட்டை மேல கொண்டுவந்து சேர்க்கத் தெரியலை, நீ எங்க குடும்பத்தைக் கரைசேர்க்கப் போற?”

“வச்சது நல்லா ஞாபகம் இருக்குங்க. முடிச்சுகூட நான்தான் போட்டேன்.” வழிகாட்டியின் குரலில் தடுமாற்றமே இல்லை. “ஊற்று கொஞ்சம் கீழே இருக்கு. தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்.”

அரை மணி கழித்து வந்தான். கேனை இறக்கிவைத்துவிட்டு நிமிராமலே பேசினான்.

“தப்பு என்மேலதான், ஐயா. ஊற்றுக்குப் போற வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. கட்டி வீட்டு மேசை மேலயே விட்டுட்டேன்.”

“நான் பார்த்தேனே!” என்றாள் மகள்.

“நீ பார்த்தது மத்தியானம் வழியில சாப்பிட்ட பொட்டலம்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “உங்களுக்காக ஆறு மாசமா இவர்கிட்ட மல்லுக்கு நின்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அவன் அடுப்பைப் பற்றவைத்தான். ஆபத்துக்கென்று கோட்டுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒற்றை ஆள் பொட்டலத்தைப் பிரித்தான். கொதிக்கிற தண்ணீரில் மக்ரோனியைக் கொட்டி மூடி, தன் கம்பளித் தொப்பியால் பாத்திரத்தைச் சுற்றிவைத்தான். பத்து நிமிடத்தில் அது மெத்தென்று ஊறியது. பொடிகளைத் தூவிக் கிளறினான். மஞ்சள் நிறத்தில் குழைந்து வந்ததை இரண்டு குவளைகளில் சரிபாதியாகப் போட்டு நீட்டினான். பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டு அலசி, அதை நின்றபடியே குடித்தான்.

“எனக்குப் பசியில்லைங்க.”

“மலையேறினவனுக்குப் பசிக்காதாம்!” என்றார் பெரியவர். குவளையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“உப்பு சரியா இருக்காப்பா?”

“உம்.”

“நல்லா இருக்குன்னு வாய் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

பெரியவர் திரும்பவில்லை. அவர் கரண்டி வெகுநேரம் குவளையிலேயே இருந்தது.

காலையில் மூட்டை கட்டும்போது மகளே பேச்சைத் தொடங்கினாள். வழிகாட்டி நாலடி தள்ளித்தான் நின்றான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“நீங்க முடிவு சொல்ல வேண்டாம்ப்பா. நானே சொல்றேன். இந்தக் கல்யாணம் வேண்டாம். மறந்ததைக்கூட விட்டுடலாம். வச்சேன் வச்சேன்னு சாதிச்சுட்டு, அப்புறம் மேசையில விட்டுட்டேன்னார் பாருங்க. என்னால உங்க முகத்தைப் பார்க்க முடியலை.”

ஆறு மாதமாக அவர் கேட்க விரும்பிய வார்த்தை. பெரியவர் ஷூ கயிற்றையே முடிந்துகொண்டிருந்தார். முடிந்ததை அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

வழிகாட்டி வந்து அவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டான். வாரை இழுத்துச் சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்தான்.

“நான் முன்னாடி இறங்கறேங்க, ஐயா. ஊற்றுப் பக்கத்து வளைவுல, பாரம் தாங்காம நீங்க பாறை இடுக்குல செருகிட்டு வந்த பொட்டலத்தை அவ பார்க்கறதுக்குள்ள எடுத்துடறேன்.”

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார்.

“வேண்டாம், மாப்பிள்ளை,” என்றார், மகளுக்கும் கேட்கும்படி. “போட்டவன் நான், நானே எடுக்கறேன். அவ பார்க்கட்டும்.”