நூறு கோடி மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்தவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, பல் டாக்டர் மகளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய்க் காதைக் கடித்தார்.

“பையன் சொந்தமா ஒரு கிரிப்டோ காயின் விட்டிருக்காராம். மார்க்கெட் கேப் மட்டும் நூறு கோடி! வாயை வச்சுக்கிட்டு சும்மா வந்து உட்காரு.”

ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியும் அவர் கண்ணால் பார்க்காத தொகை அது.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்த மகளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மார்க்கெட் கேப்னா என்னங்க?”

மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “ரொம்ப சிம்பிள். மொத்தம் எத்தனை காயின் இருக்கோ, அதை ஒரு காயினோட விலையால பெருக்கணும். நான் ஒரு கோடி காயின் விட்டிருக்கேன். ஒண்ணு நூறு ரூபா.”

“நூறு ரூபான்னு யார் முடிவு பண்ணாங்க?”

“மார்க்கெட்தான். கடைசியா ஒருத்தர் என்ன விலைக்கு வாங்கினாரோ, அதுதான் எல்லாக் காயினுக்கும் விலை.”

“அப்படி இதுவரைக்கும் எத்தனை காயின் வித்திருக்கு?”

மேலே இருந்த கால் கீழே இறங்கியது. “இப்போதைக்கு... ஒண்ணு.”

“ஒண்ணே ஒண்ணா! அதை வாங்கின புண்ணியவான் யாரு?”

மாப்பிள்ளை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் விட்டத்தைப் பார்த்தார்.

“காலையில போன்ல கேட்டாரும்மா. வரப்போற மாப்பிள்ளை, முகத்தை முறிக்க வேண்டாமேன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கினேன்.”

மகள் எழுந்தாள்.

“அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்டுடாதீங்கப்பா. பாவம், அவரோட நூறு கோடியும் போயிடும்!”